‘இடம் போதவில்லை’ என்று போன் சொல்லும்போது

‘சேமிப்பகம் நிரம்பிவிட்டது’ என்ற அறிவிப்பு வந்த நாளிலிருந்து என் அத்தை படங்களை அழித்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு இருபது, முப்பது. ஒவ்வொன்றையும் ஒரு முறை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, மனமில்லாமல். இரண்டு வாரம் கழித்துப் போனை என்னிடம் நீட்டி, “எல்லாவற்றையும் அழித்துவிட்டேனப்பா, இன்னும் இடமில்லை என்கிறதே” என்றார். போன் பொய் சொல்லவில்லை. அவர் அழித்த படங்கள் அத்தனையும் போனுக்குள்ளேயேதான் இருந்தன. அது எப்படி என்பதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவருக்கு ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. கேச்சை அழியுங்கள், கிளீனர் செயலி போடுங்கள், பின்னணியில் ஓடும் செயலிகளை மூடுங்கள், பழைய எஸ்எம்எஸ்களை நீக்குங்கள் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இவற்றில் சில எதற்கும் உதவாதவை. சில மூன்று நாளைக்கு மட்டும் உதவுபவை. போனுக்குள் இடம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று ஒரு முறை புரிந்துவிட்டால், எந்த ஆலோசனை தேறும், எது தேறாது என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

## மேசையும் பரணும்

பேச்சுவழக்கில் ‘மெமரி’ என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறோம். குழப்பத்தின் வேர் இதுதான்.

வேலை செய்யும் மேசை ஒன்று, சாமான்களை ஏற்றிவைக்கும் பரண் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் இப்போது நடக்கிற வேலைக்கான தாள்கள் மட்டும் விரிந்து கிடக்கும். வேலை முடிந்ததும் மேசை காலி. பரணில் ஏற்றியதோ, நாமே இறக்கும் வரை அங்கேயே கிடக்கும். போனில் மேசையின் பெயர் ரேம். பரணின் பெயர் உள் சேமிப்பகம். பெட்டியில் ‘3 ஜிபி + 32 ஜிபி’ என்று அச்சிட்டிருந்தால் முதல் எண் மேசை, அடுத்தது பரண்.

திறந்திருக்கும் செயலிகளை விரலால் தள்ளித் தள்ளி மூடுவது மேசையைத் துடைக்கிற வேலை. அதனால் பரணில் ஓர் அங்குலம்கூடக் காலியாகாது. ஒரே தொடுதலில் நூற்றுக்கணக்கான எம்பியை விடுவித்துவிட்டதாகக் கொண்டாடும் கிளீனர் செயலிகள் பலவும் காட்டுவது இந்த மேசைக் கணக்கைத்தான். கிளீனர் செயலிகள் மீது எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை என்பதை ஒளிக்கப் போவதில்லை. ஆண்ட்ராய்டின் இன்றைய பதிப்புகளில் ஒரு சாதாரணச் செயலி இன்னொரு செயலியின் தனிப்பட்ட கோப்புகளைத் தன் விருப்பத்துக்குத் தொட முடியாது. பரணில் இடமில்லை என்று தவிப்பவரிடம், பரணைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி இன்னொரு பெட்டியை ஏற்றிவிட்டுப் போவதற்கு எதற்கு ஓர் ஆள்?

மேசையும் பரணும் கலக்கிற இடம் ஒன்று உண்டு. அது விலை குறைந்த போன்களில்தான் அதிகம் தென்படுகிறது. ‘கூடுதல் ரேம்’, ‘விர்ச்சுவல் ரேம்’ என்று செட்டிங்ஸில் ஒரு வசதி இருக்கும். மேசை போதவில்லை என்று பரணில் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்கிற ஏற்பாடு அது. 4 ஜிபி கூடுதல் ரேம் என்று தேர்ந்தெடுத்திருந்தால் சேமிப்பகத்திலிருந்து அந்த 4 ஜிபி போய்விட்டது என்று பொருள். பரண் மேசையைவிடப் பல மடங்கு மந்தம் என்பதால் வேகமும் பெரிதாகக் கூடிவிடாது. 32 ஜிபி போனில் இதை நிறுத்திவிட்டு ஒரு முறை போனை அணைத்துத் திறப்பது, ஒரு படத்தைக்கூட அழிக்காமல் இடம் பெறுகிற வழி.

## பெட்டியில் 32, கையில் எவ்வளவு?

அளவுகளை முதலில் பார்த்துவிடலாம். பைட் என்பது தகவலின் சிறு அலகு. ஓர் ஆங்கில எழுத்தைச் சேமிக்க ஒரு பைட் போதும். பத்து லட்சம் பைட் ஓர் எம்பி, நூறு கோடி பைட் ஒரு ஜிபி. ஆகவே 32 ஜிபி என்பது 3,200 கோடி பைட். சில மென்பொருள்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்காமல் 1,024-ஆல் பெருக்குவதால் இதே அளவை 29.8 என்று காட்டும். அதில் யாரும் எதையும் திருடவில்லை.

இடம் போவது வேறு வழியில். போன் தயாராகும்போதே சேமிப்பகத்துக்குள் சுவர் எழுப்பிவிடுகிறார்கள். ஒரு பக்கம் ஆண்ட்ராய்டும், தயாரித்தவர் முன்கூட்டியே போட்டுவைத்த செயலிகளும் இருக்கும். இதற்குச் சிஸ்டம் பகுதி என்று பெயர். இதைப் படிக்கலாம், எழுதவோ அழிக்கவோ நமக்கு உரிமை இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பது பயனர் பகுதி. நம் படங்கள், நாம் நிறுவும் செயலிகள் எல்லாம் இங்கேதான் வந்து சேரும். 32 ஜிபி போனைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே 10 ஜிபிக்கு மேல் போயிருந்தால் அதில் வியப்பில்லை.

கூடவே வந்த செயலிகளை ஏன் நீக்க முடிவதில்லை என்பது இப்போது விளங்கும். அவை சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. ஆனால் அந்தச் செயலிகளுக்குப் புதிய பதிப்பு வரும்போது பூட்டிய பகுதிக்குள் அதை எழுத முடியாது என்பதால், அது நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பழைய பிரதி அங்கே, புதிய பிரதி இங்கே. நீங்கள் ஒரு முறைகூடத் திறக்காத செயலிக்கும் இப்படி நூறு, இருநூறு எம்பி போயிருக்கலாம். செயலியின் பக்கத்துக்குப் போய் ‘முடக்கு’ என்பதைத் தொட்டால், முதலில் வந்த பதிப்புக்கே திரும்பட்டுமா என்று கேட்கும். சம்மதித்தால் இந்தப் பக்கத்துப் பிரதி போய்விடும். முடக்கி வைத்திருக்கும் வரை திரும்ப வராது. பெயரைப் பார்த்து என்னவென்று புரியாதவற்றில் மட்டும் கை வைக்க வேண்டாம். ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’ போன்றவை பார்வைக்கு வேண்டாதவைபோல் இருக்கும். மற்றச் செயலிகள் தங்களுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டுவதற்கு அவற்றைத்தான் நம்பியிருக்கின்றன.

இதுவரை பார்த்தது: ரேம் வேறு, சேமிப்பகம் வேறு. சேமிப்பகத்திலும் ஒரு பகுதி நமக்கில்லை. இனிப் பேசப்போவது நம் பக்கத்தைப் பற்றி மட்டும்.

## ஒரு செயலி, மூன்று கணக்கு

செட்டிங்ஸில் செயலிகளின் பட்டியலுக்குப் போய் ஏதாவது ஒன்றைத் தொட்டு, ‘சேமிப்பகம்’ என்பதைத் திறந்து பாருங்கள். மூன்று எண்கள் இருக்கும்: செயலியின் அளவு, தரவு, கேச்.

ஒரு மாணவரின் பையை எடுத்துக்கொள்வோம். அதில் ஓர் அகராதி இருக்கிறது. அவரே எழுதிய குறிப்பேடு இருக்கிறது. அடிக்கடி நூலகத்துக்கு நடக்க வேண்டாமே என்று எடுத்துவைத்த நகல் தாள்களும் இருக்கின்றன. அகராதிதான் செயலி, தொலைந்தால் அதே அகராதி இன்னொன்று வாங்கலாம். குறிப்பேடு, தரவு, அது போனால் போனதுதான். நகல் தாள்கள், கேச். தூக்கிப் போட்டால் நூலகத்துக்கு மறுபடி நடக்க வேண்டும், அவ்வளவே.

கேச் என்பது குப்பை அல்ல. ஒரு முறை இறக்கிய படத்தை, பக்கத்தை, மறுபடி இறக்க வேண்டாம் என்று செயலி கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது அது. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் ஒவ்வொரு செயலியின் கேச்சுக்கும் ஓர் அளவு ஒதுக்கப்படுகிறது. இடம் நெருக்கடியானால், அளவை மிஞ்சிய செயலிகளின் கேச்சிலிருந்து தொடங்கி ஆண்ட்ராய்டே அழிக்க ஆரம்பித்துவிடும். தினமும் உட்கார்ந்து கேச்சை அழிப்பவர், தானாக நடக்கிற வேலையைக் கையால் செய்துகொண்டு, இறக்கியதையே திரும்ப இறக்கி டேட்டாவையும் செலவழிக்கிறார். அவசரத்துக்கு ஒரு வீடியோ எடுக்க வேண்டும், இடமில்லை என்றால் கேச்சை அழியுங்கள், நல்ல வழிதான். அந்த இடம் நிலைக்கும் என்று மட்டும் நம்பிவிட வேண்டாம்.

அந்தப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும்: ‘தரவை அழி’, அல்லது ‘சேமிப்பகத்தை அழி’. இது குறிப்பேட்டைக் கிழிக்கிற பொத்தான். செயலியை இன்றுதான் நிறுவியதுபோல ஆக்கிவிடும். கணக்கிலிருந்து வெளியேற்றும், விளையாட்டில் ஏறிய படிகள், எழுதி வைத்த வரைவுகள், காப்புப் பிரதி எடுக்காத உரையாடல்கள் எல்லாம் போகும். இரண்டு பொத்தான்களும் இத்தனை நெருக்கமாக இருப்பது எனக்கு இன்றும் பிடிக்கவில்லை.

செயலியின் அளவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பிளே ஸ்டோரில் 60 எம்பி என்று போட்டிருக்கும் செயலி, 150 எம்பி காலியாக இருந்தும் நிறுவ மறுக்கும். இறக்கிய கோப்புக்கு இடம் வேண்டும், பிரித்து அடுக்க இடம் வேண்டும். போதாததற்கு, ஆண்ட்ராய்டு கடைசித் துளி வரை யாரையும் நிரப்ப விடாது. அதன் மூலநிரலில் உள்ள இயல்பான எல்லை, மொத்த இடத்தில் 5 சதவீதம் அல்லது 500 எம்பி, இரண்டில் எது குறைவோ அது. காலியிடம் இந்த எல்லைக்கு வரும்போதுதான் அந்த எச்சரிக்கை எழுகிறது. தயாரிப்பாளர்கள் இதை மாற்றிக்கொள்ளலாம். 150 எம்பி காலி என்று காட்டும் போன், உண்மையில் நெருக்கடியில் தவிக்கிற போன்.

## திரும்பி வருவதும் வராததும்

இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். அழிப்பதற்கு முன் இரண்டு கேள்விகள். இது தானாகத் திரும்பி வந்து இடத்தை அடைக்குமா? இது போனால் எனக்கு மறுபடி கிடைக்குமா?

கேச் தானாகத் திரும்பி வரும்; அழித்தாலும் அந்த இடம் நிலைக்காது. சொந்தமாக எடுத்த படம் போனால் கிடைக்காது. கடைசியாகத்தான் அதில் கை வைக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாம் தேடுவது இருக்கிறது. தானாகத் திரும்பாது, ஆனால் வேண்டுமானால் மறுபடி பெறலாம். எப்போதோ ஒரு பயணத்துக்காக இறக்கிவைத்த ஆஃப்லைன் வரைபடம், இணையமில்லாமல் பார்க்க என்று சேமித்த திரைப்படங்களும் பாட்டுகளும், ‘டவுன்லோட்’ கோப்புறையில் ஒரே பெயரோடு 1, 2, 3 என்று எண் போட்டுக் குவிந்திருக்கும் பிடிஎஃப்கள், மாதக்கணக்கில் திறக்காத விளையாட்டுகள். இவற்றில் ஆஃப்லைன் சேமிப்புகள் கேலரியில் தென்படாது. அந்தந்தச் செயலியின் ‘தரவு’ எண்ணுக்குள் ஒளிந்திருக்கும். செயலிகளை அளவு வாரியாக வரிசைப்படுத்தி, மேலே இருக்கும் ஐந்தாறை மட்டும் திறந்து பார்த்தால் போதும்.

எஸ்எம்எஸ்களை ஒவ்வொன்றாக அழிப்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. ஒரு செய்திக்கு ஒரு கிலோபைட் என்று தாராளமாகவே வைத்தாலும், ஒரு லட்சம் செய்திகள் சேர்ந்து 100 எம்பிதான் வரும். ஃபுல் எச்டி தரத்தில் எடுத்த ஒரு நிமிட வீடியோ சாதாரணமாக 130 எம்பி பிடிக்கும். பையிலிருந்து ரூபாய் நோட்டு பறந்துகொண்டிருக்கச் சில்லறையை எண்ணுவானேன்?

எப்போதாவது தேவைப்படும் செயலிகளுக்கு ஒரு நடுவழி உண்டு. 2023-இல் கூகுள் பிளே கொண்டுவந்த ‘காப்பகப்படுத்துதல்’ வசதி, அகராதியை மட்டும் அப்புறப்படுத்திவிட்டுக் குறிப்பேட்டை விட்டுவைக்கிறது. சின்னம் திரையில் அப்படியே இருக்கும். தொட்டால் செயலியை மறுபடி இறக்கிக்கொள்ளும்.

## வாட்ஸ்அப் என்னும் தனிப் பரண்

பலரது போனில் பெரிய பங்கு இங்கேதான் இருக்கிறது. டெலிகிராமில் வந்த படத்தைப் போனிலிருந்து அழித்தாலும் பிரச்சினை இல்லை. சாதாரண உரையாடல்களின் கோப்புகள் அதன் சர்வரில் இருக்கும், தொட்டால் திரும்ப இறங்கும். வாட்ஸ்அப் அப்படி அல்ல. வந்து சேர்ந்த படமும் வீடியோவும் உங்கள் போனில்தான் வாழ்கின்றன. மேலே சொன்ன இரண்டாவது கேள்வியை இங்கே கேட்டுப் பார்த்தால் விடை, ‘அநேகமாகக் கிடைக்காது’ என்பதுதான்.

அதனால் கண்ணை மூடிக்கொண்டு அழிக்காமல், அதன் செட்டிங்ஸில் ‘சேமிப்பகமும் தரவும்’ என்ற பகுதிக்குள் இருக்கும் சேமிப்பக நிர்வாகத்தைத் திறக்க வேண்டும். பலமுறை அனுப்பப்பட்டவை, 5 எம்பிக்கு மேற்பட்டவை என்று அதுவே பிரித்துத் தரும். கீழே ஒவ்வோர் உரையாடலும் எவ்வளவு அடைத்திருக்கிறது என்ற பட்டியலும் இருக்கும். ஒரு கோப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் இருந்தால், எல்லாப் பிரதிகளையும் அழித்தால்தான் இடம் கிடைக்கும். ஒரு குழுவில் அழித்துவிட்டு, ‘எண் அசையவே இல்லையே’ என்று பலர் திகைப்பது இதனால்தான்.

கேலரியில் தெரியாமல் மறைக்கும் வசதியை இடம் மிச்சமாக்கும் வசதி என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. மறைத்தால் கண்ணுக்குத்தான் தெரியாது. பரணில் இருந்த இடத்திலேயே இருக்கும். உண்மையில் மாற்ற வேண்டியது, வீடியோக்கள் தானாக இறங்குவதை. அதை நிறுத்திவிட்டால் நாம் தொட்டவை மட்டும் இறங்கும். பரண் ஏன் நிரம்புகிறது என்ற கேள்விக்கு இது ஒன்றே பாதி விடை.

## அழித்தது எங்கே போகிறது

இப்போது அத்தையின் படங்களுக்கு வரலாம். கேலரியில் ஒரு படத்தை அழித்தால் அது போனைவிட்டுப் போய்விடுவதில்லை, குப்பைத்தொட்டிக்குப் போகிறது. கை தவறி அழித்தவருக்கு மனம் மாற அவகாசம் தரும் ஏற்பாடு. கூகுள் போட்டோஸில், காப்புப் பிரதி எடுக்காத படம் 30 நாள் அங்கே இருக்கும்; எடுத்தது 60 நாள் இருக்கும். போனில் கிடக்கிற வரை அது இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். அத்தை இரண்டு வாரம் உழைத்துச் செய்தது, பரணின் ஒரு மூலையிலிருந்த பெட்டிகளை இன்னொரு மூலைக்கு நகர்த்தியதுதான். தொட்டியைக் காலி செய்த பிறகே இடம் கிடைக்கும். அப்படிச் செய்தால் படங்களும் நிரந்தரமாகப் போய்விடும்.

கூகுள் போட்டோஸில் இதைவிடப் பெரிய தவறு ஒன்றைப் பலர் செய்கிறார்கள். ‘படங்கள்தான் கூகுளில் பத்திரமாக இருக்கின்றனவே’ என்று அந்தச் செயலிக்குள்ளேயே படத்தை நீக்குகிறார்கள். அப்படி நீக்கினால் போனில் உள்ளதும் போகும், கூகுளில் உள்ளதும் போகும். போனிலிருந்து மட்டும் நீக்க வேண்டுமானால் அதற்கென்று ‘இடத்தைக் காலியாக்கு’ என்ற தனி வசதி இருக்கிறது. காப்புப் பிரதி எடுத்து முடித்தவற்றை மட்டும் அது போனிலிருந்து நீக்கும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியும் அளவற்றதல்ல. மின்னஞ்சல், டிரைவ், படங்கள் மூன்றுக்கும் அது பொது. 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்கள் எல்லாமே அந்தக் கணக்கில் சேர்கின்றன.

சுருக்கமாக: அழிப்பது இரண்டு படி வேலை. தொட்டிக்கு அனுப்புவது ஒன்று, தொட்டியைக் கொட்டுவது இன்னொன்று. முதல் படியில் இடம் கிடைக்காது. இரண்டாம் படிக்குப் பிறகு படம் கிடைக்காது.

## நிரம்பினால் ஏன் மெதுவாகிறது

போனின் சேமிப்பகம் ஃபிளாஷ் என்னும் வகையைச் சேர்ந்த சில்லு. அதற்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. எழுதும்போது வரி வரியாக எழுதும். அழிக்கும்போது ஒரு வரியை மட்டும் அழிக்கத் தெரியாது, சிலேட்டு முழுவதையும் கழுவத்தான் தெரியும். எழுதியதன் மேலேயே திருப்பி எழுதவும் முடியாது.

நூறு சிலேட்டுகள் இருக்கின்றன, இருபது காலி என்றால் கவலையில்லை. புதிதாக வருவதைக் காலிச் சிலேட்டில் எழுதிவிட்டு, பழையதை ஓய்வாகக் கழுவிக்கொள்ளலாம். காலியாக ஒன்றே ஒன்று இருந்தால்? ஒரு சிலேட்டில் இன்னும் தேவைப்படும் நாலு வரியை அந்தக் காலிச் சிலேட்டில் பெயர்த்து எழுதி, பழையதைக் கழுவி, பிறகுதான் புதிய வரியை எழுத வேண்டும். ஒரு வரி எழுத ஐந்து வரி வேலை. கிட்டத்தட்ட நிரம்பிய போனில் ஒரு படம் எடுத்தால்கூட அது யோசிப்பது இதனால்தான். விலை குறைந்த போன்களில் இருக்கும் இஎம்எம்சி வகைச் சில்லு ஏற்கெனவே கொஞ்சம் மந்தமானது என்பதால் திணறல் இன்னும் துல்லியமாகத் தெரியும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது காலியாக வைத்திருப்பது என் வழக்கம். இது விதி அல்ல, அனுபவக் கணக்கு.

## மெமரி கார்டு என்ன செய்யும், என்ன செய்யாது

படங்கள், வீடியோக்கள், பாட்டுகள் ஆகியவற்றுக்குக் கார்டு மிக நல்ல இடம். கேமராவின் செட்டிங்ஸில் சேமிக்கும் இடத்தைக் கார்டு என்று மாற்றிவிட்டால் இனி எடுப்பவை நேராக அங்கே போகும். செயலிகள் விஷயம் வேறு. கார்டை உள் சேமிப்பகத்தின் தொடர்ச்சியாகவே ஆக்கிக்கொள்ளும் வசதி 2015-இல் ஆண்ட்ராய்டு 6-உடன் வந்தது. ஆனால் தயாரிப்பாளர்கள் பலர் அதைத் தங்கள் போன்களில் தருவதில்லை. தந்த போன்களிலும், மந்தமான கார்டுக்குப் போன செயலி மந்தமாகவே ஓடும். கார்டைப் பிடுங்கினால் செயலியும் போய்விடும். கார்டு பழுதாகக் கூடிய பொருள் என்பதால், படங்களின் ஒரே பிரதியை அதில் மட்டும் வைத்திருப்பது ஆபத்து.

அத்தையின் போனில் நாங்கள் முதலில் செய்தது, குப்பைத்தொட்டியிலிருந்த படங்களையெல்லாம் மீட்டதுதான். 30 நாள் ஆகியிருக்கவில்லை, ஒன்றுகூடப் போகவில்லை. அவற்றைக் கார்டுக்கு மாற்றி, கணினியிலும் ஒரு பிரதி எடுத்தோம். பிறகு கூடுதல் ரேமை நிறுத்தினோம். கடைசியாக வாட்ஸ்அப்பின் சேமிப்பகப் பட்டியலைத் திறந்தபோது, முதலிடத்தில் ஒரே ஒரு குழு 6 ஜிபியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அத்தனையும் மலரும் சூரியனுமாகக் காலை வணக்கம் சொல்லும் வீடியோக்கள். “இதையெல்லாம் அழிக்கலாமா?” என்றார் அத்தை. எல்லாவற்றையும் ஒருசேரத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தைக் காட்டினேன். இந்த முறை அவர் எதையும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.